அவர் நடிக்கவில்லை

மருத்துவமனைக்கு வரும் புகார்களில் பாதி கழிப்பறையைப் பற்றியது. மீதியில் பாதி லிஃப்ட் ஓடாததைப் பற்றியது. மருத்துவர்களைப் பற்றி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம். அப்படி வந்த ஒன்றை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்காணிப்பாளர் தன் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அறுவை மருத்துவரைக் கூப்பிட்டனுப்பினார்.

இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவர் கத்தியைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் ஃபைலைப் பிடித்துக்கொண்டார். வயது ஐம்பத்தாறு ஆன பிறகும் ஆள் இல்லாத இடத்தில் 'டா' போட்டுத்தான் பேச்சு.

"உனக்கு ஒரு காதல் கடிதம் வந்திருக்குடா. படி."

மருத்துவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். அவருக்குப் புகார் புதிது. கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர் அவர். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கத்தி படாத தெரு அந்த ஊரில் இல்லை. வெளிநோயாளிகள் பிரிவில் செவிலியர்கள் அவருக்கு வைத்திருந்த செல்லப்பெயர் 'ரெண்டு நிமிஷம்'. காலையில் நூற்றிருபது பேரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கடவுளே வந்தாலும் தர முடியாது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசி, வலியோடு வந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார்.

கடிதம் கோடு போட்ட நோட்டுத்தாளில் இருந்தது. மேலே நோயாளி எண், அடியில் ஒரு பெண்ணின் கையெழுத்து.

'ஐயா, நான் ஹோட்டல் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிறவள். என் கணவர் பெயின்டர் வேலை செய்கிறவர். போன வருடம் அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. உங்கள் டாக்டர் அதை எடுத்தார். கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்றார்கள். சந்தோஷப்பட்டோம். அதற்குப் பிறகு அவருக்கு வலது கையை மேலே தூக்க வரவில்லை. மூன்று தடவை வந்து காட்டினோம். மூன்று தடவையும் டாக்டர் கையில் கோளாறு ஏதுமில்லை, பயிற்சி செய்தால் சரியாகும் என்றார். சீட்டிலும் அப்படியே எழுதினார். அந்தச் சீட்டைப் படித்துவிட்டு மேஸ்திரி, இவன் நடிக்கிறான் என்று வேலையிலிருந்து நிறுத்தினார். என் மாமியாரும் அப்படித்தான் சொன்னார். நானும் சொன்னேன். போன மாதம் அவர் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடப் போனேன். வலது பக்கத் தோள்பட்டை எலும்பு தட்டு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குழி விழுந்திருக்கிறது. அப்படி ஒருவரால் நடிக்க முடியாது. டாக்டர் ஒரே ஒரு தடவை சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். என் கணவர் நடிக்கவில்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துத் தரவும்.'

படிக்கத் தொடங்கும்போது அவருக்கு எரிச்சல்தான் வந்தது. ஆள் யாரென்றே ஞாபகமில்லை. ஆனால் 'தட்டு மாதிரி' என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. நூல் மாதிரி இருக்கும். அது அறுந்தால் தோளைத் தூக்கிப் பிடிக்கும் தசை நாளாக நாளாக வற்றிப்போகும், தோள்பட்டை எலும்பு பின்னால் எழும்பி நிற்கும். மூன்றாம் ஆண்டு மாணவனுக்குக்கூடத் தெரிந்த பாடம் அது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற ஒரு பெண், சோப்பு நுரைக்கு நடுவில் அதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள்.

"என்னடா, பேச்சையே காணோம்?" என்றார் கண்காணிப்பாளர். "பயப்படாதே. கேஸ் ஷீட்டை எடுக்கச் சொல்லிப் பாத்துட்டேன். நீ தெளிவா எழுதியிருக்கே. 'நரம்பு கண்டறியப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது.' உன் கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கு. இந்த ஒரு வரி போதும், எவனும் உன்னை அசைக்க முடியாது."

"அவங்க ஒரு காகிதம்தானே கேக்குறாங்க?"

"அதைத்தான் தரக் கூடாது. நடிக்கலைன்னா கை நிஜமாவே போயிருச்சுன்னு அர்த்தம். போயிருச்சுன்னா யாரால போச்சு? தானா வந்து உன் தலையில உக்காரும்."

மருத்துவர் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்துதான். பதினான்கு மாதங்களுக்கு முந்தைய தேதி. அந்த வரியை அவருக்கு நன்றாகத் தெரியும். கழுத்தில் செய்யும் ஒவ்வொரு அறுவைக்கும் அந்த வரியை எழுதுவார். கடிதத்தின் தலையில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிறவர்கள், எழுதும்போது நலமாகவா இருக்கிறார்கள்? பல வருடமாக அந்த வரியும் அப்படித்தான் ஆகிப்போயிருந்தது.

மத்தியானம் அறுவை அரங்கின் மூத்த செவிலியரைத் தேடிப் போனார். பத்தொன்பது வருடமாக அவருக்கு எதிரே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிறவர். நீராவிப் பெட்டியிலிருந்து கருவித் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், போன வருஷம் ஒரு கழுத்துக் கட்டி. மரத்துப்போற ஊசி மட்டும் போட்டுச் செஞ்சது. ஆள் பெயின்டராம். ஞாபகமிருக்கா?"

"கால் மேசையைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருந்தாரே, அவரா? ஸ்டூல் போட்டு முட்டுக் குடுத்தோம்."

"நரம்பைப் பாத்தேனா நான்?"

செவிலியர் தட்டைக் கீழே வைத்தார். "அது எனக்கு எப்படி சார் தெரியும்? உள்ளே கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. நீங்க இடுக்கியால பிடிச்சு, சுட்டு நிறுத்தினீங்க. அப்ப அவரு, தோள்ல சுரீர்னுச்சு டாக்டர்னாரு. நீங்க, கட்டி உங்களை விட்டுப் போக மனசில்லாம கிள்ளிட்டுப் போகுதுன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம்." பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்ன கேஸ்னா நீங்க சில சமயம் குறிப்பை முன்னாடியே எழுதி வச்சிருவீங்க சார். அன்னைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. கேட்டதாலே சொல்றேன்."

கேட்டதால்தான் சொன்னார். கேட்காமலிருந்தால் இன்னும் பத்தொன்பது வருடம் ஆனாலும் சொல்லியிருக்க மாட்டார்.

மருத்துவர் வரச் சொல்லி அனுப்பியதால் வியாழக்கிழமை கணவனும் மனைவியும் வந்தார்கள். பெயின்டர் கதவுக்குள் குனிந்துதான் நுழைந்தார். வேலையிடத்தில் அவரை 'ஏணி' என்று கூப்பிடுவார்களாம். மற்றவர்கள் சாரம் கட்டிக்கொண்டு பூசுகிற கூரையை அவர் ஒரு முக்காலியில் ஏறி நின்றே பூசிவிடுவாராம். இதையெல்லாம் சொன்னது மனைவி. அவள் அவர் நெஞ்சு உயரம்தான் இருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை சொல்லி யாரும் கேட்காதபோது நான்காவது தடவைக்கு வார்த்தை எங்கிருந்து வரும்?

"சட்டையைக் கழட்டுங்க," என்றார் மருத்துவர்.

மனைவி முன்னால் வந்து பொத்தான்களைக் கழற்றினாள். இடது கையை அவர் தானே உருவிக்கொண்டார், வலது கையை அவள் எடுத்து உருவினாள். மருத்துவர் பின்னால் போய் நின்றார்.

அவள் எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

"ரெண்டு கையையும் பக்கவாட்டுல தூக்குங்க பாப்போம்."

இடது கை மின்விசிறியை நோக்கிப் போயிற்று. வலது கை தோளுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. பெயின்டர் பல்லைக் கடித்தார், கழுத்து புடைத்தது, முகம் சிவந்தது. கை நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

"போதும், போதும். இறக்குங்க."

"அவரு நடிக்கலதானே டாக்டர்?" என்றாள் மனைவி.

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. அறையில் மூன்று பேர்தான். சொல்லியிருக்கலாம். அவர் வாயிலிருந்து வந்ததோ வேறு. "ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம்மா. நரம்பு டெஸ்ட். அடுத்த வியாழக்கிழமை வாங்க, எல்லாம் பேசிரலாம்."

அந்த டெஸ்ட் தேவையே இல்லை என்று அவருக்குத் தெரியும். கண்ணுக்கு எதிரே மலை மாதிரி நிற்பதற்குக் கருவி எதற்கு? தனக்கு ஒரு வாரம் வேண்டியிருந்தது, அதை அந்த மனிதரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிற்பாடு விசாரணையில் எல்லாவற்றையும் சொன்ன அவர், இந்த ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அறுவையில் நேர்ந்ததைக் கைத்தவறு என்று சொல்லலாம். மூன்று தடவை பார்க்காமல் விட்டதைக் கூட்டத்தின் மேல் பழி போடலாம். இதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அந்த ஒரு வாரத்தில் பழைய வெளிநோயாளிச் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தார். அறுவை முடிந்து மூன்று வாரத்தில் ஒரு சீட்டு, இரண்டு மாதத்தில் ஒன்று, ஐந்து மாதத்தில் ஒன்று. மூன்றிலும் அதே எழுத்து: 'தோள் வலி. கையில் கோளாறு ஏதுமில்லை. பயிற்சி.' தொட்டுப் பார்த்ததற்கான ஒரு குறிப்பும் கிடையாது. மூன்றாவது சீட்டில் ஓரமாக 'பயம் அதிகம்' என்று வேறு எழுதியிருந்தார்.

மறு வியாழக்கிழமை கண்காணிப்பாளரின் அறையில் கூடினார்கள். டெஸ்ட் முடிவு வந்திருந்தது. அதில் புதிதாக ஒன்றுமில்லை. கண்காணிப்பாளர் ஒரு பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். சிகிச்சையில் குறைபாடு எதுவும் இல்லையென்றும், இத்தகைய விளைவுகள் அரிதாக நேரக்கூடியவையென்றும், மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் வருந்துவதாகவும் இருந்தது. 'ஏற்பட்டிருப்பின்' என்ற சொல்லைப் போடுவதில் அவர் வல்லவர்.

மருத்துவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காரவில்லை. அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பெயின்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்ல முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க நடிக்கல," என்றார். "உங்க கழுத்துல ஓடுற ஒரு நரம்பு அறுந்துபோச்சு. கட்டி எடுக்கிறப்ப நான்தான் அறுத்திருக்கேன். தெரிஞ்சு செய்யல. ஆனா என் கைதான்."

கண்காணிப்பாளர் இருமினார். அது தொண்டைக்காக இருமியது இல்லை.

"அந்த நரம்பைப் பாத்துப் பத்திரமா விட்டேன்னு குறிப்புல எழுதியிருக்கேன். அது பொய். நான் பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. பழக்கத்துல எழுதிட்டேன். அப்புறம் நீங்க மூணு தடவை வந்தீங்க. மூணு தடவையும் நான் உங்களைப் பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெயின்டர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முதல் முறையாகப் பேசினார்.

"தெரிஞ்சிருந்தா?"

அந்தக் கேள்விக்குத்தான் மருத்துவர் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தார்.

"விடுங்க, முடிஞ்சதைப் பேசி என்ன ஆகப்போகுது," என்று கண்காணிப்பாளர் குறுக்கே வந்தார். "இனிமே என்ன செய்யலாம்னு..."

"இல்ல சார். நான் அவருகிட்ட கேட்டேன்." பெயின்டரின் குரல் உயரவில்லை. "முதல் தடவை வந்தப்பவே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"திறந்து, அறுந்த நரம்பைச் சேத்துத் தச்சிருக்கலாம். ஆறு மாசத்துக்குள்ள செஞ்சா நல்லது. எல்லாருக்கும் முழுசா வராது. ஆனா நிறையப் பேருக்குக் கை நல்லாவே திரும்பியிருக்கு."

"இப்ப?"

"இப்ப நரம்பைத் தச்சுப் பிரயோஜனம் இல்ல. தசை வத்திப்போச்சு."

"நான் வந்தேனே டாக்டர்," என்றார் பெயின்டர். "மூணாவது வாரமே வந்தேனே. கை என்னுது மாதிரியே இல்லன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நான் கேக்கல."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் மருத்துவருக்குக் கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும். இத்தனை நாள் தலைவிதி என்று ஒன்றின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். இப்போது அதையும் அவரிடமிருந்து பிடுங்கியாயிற்று. தப்பித்திருக்கலாம் என்று தெரிந்துகொள்வதைவிடக் கொடிய நோய் ஒன்று உண்டா?

மருத்துவர் வேறொரு வழியையும் சொன்னார். ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே எலும்பு மருத்துவர் ஒருவர், முதுகில் நல்ல நிலையில் இருக்கும் வேறு சிறு தசைகளை இடம் மாற்றித் தைப்பார். கை ஓரளவு தூக்க வரும். பழையபடி வராது. பெயின்டர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு மருத்துவர், கண்காணிப்பாளரின் மேசையிலிருந்தே மருத்துவமனைத் தாள் ஒன்றை எடுத்து, கையால் எழுதினார். 'இவருடைய வலது கையைத் தூக்க முடியாமல் போனது உண்மை. இவர் நடிக்கவில்லை. அறுவையின்போது நரம்பு அறுந்ததே காரணம். அதை நான் காலத்தில் கண்டுபிடிக்கவில்லை. கையில் கோளாறு இல்லை என்று மூன்று சீட்டுகளில் நான் எழுதியது தவறு.' கையெழுத்துப் போட்டார். முத்திரைக்காக எழுத்தரைக் கூப்பிட வேண்டியிருந்தது. முத்திரைப் பெட்டி வரும்வரை நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தாளைப் பெயின்டரிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அவர். "நான் நடிக்கலன்னு எனக்குத் தெரியுமே. அவளுக்குத்தான் வேணும். அவகிட்ட குடுங்க."

அவள் வாங்கி, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். மடிக்கும்போது அவள் கணவரின் பக்கம் திரும்பவே இல்லை. மருத்துவர் அதைப் பார்த்தார், ஆனால் அப்போது அவருக்கு அதன் பொருள் பிடிபடவில்லை.

அவர்கள் போனபிறகு கண்காணிப்பாளர் எழுந்து கதவைச் சாத்தினார். "பாதியோட நிறுத்தியிருக்கக் கூடாதாடா? நரம்பு போச்சுன்னு சொன்னே, சரி. ஆறு மாசக் கணக்கையும் ஏன் சொன்னே? அந்த ஆளு தூங்குவானா இனிமே?"

"கேட்டாரு."

"கேட்டா சொல்லிருவியா? நம்ம வேலையில பாதி, கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லாம இருக்கிறதுதான்."

"அப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தேன்," என்றார் மருத்துவர்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். பழைய குறிப்பில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அந்த வரி உண்மையல்ல என்று தனியாக எழுதி இணைத்தார். விசாரணை வந்தது. மூன்று பேர் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஆறு மாதம் அறுவை அரங்குக்குள் போகக் கூடாது, வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கலாம் என்று உத்தரவு ஆனது. உடன் வேலை பார்த்தவர்களில் சிலர் அவரைக் கண்டால் வேறு நடைபாதையில் திரும்பினார்கள். 'தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டான், நாளைக்கு நம்ம தலைக்கும் வரும்' என்று ஓய்வறையில் ஒருவர் சொன்னது அவர் காதுக்கும் எட்டியது.

ஆறு வாரம் ஓடியது. ஒருநாள் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அந்தப் பெண் தனியாக வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். புறங்கையில் தேய்ப்புப்பெட்டி சுட்ட காயம் புதிதாக இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்துக் களிம்பு எடுக்கப் போனார். "அதுக்கு வரல டாக்டர்," என்றாள்.

"உக்காருங்க. அவரு எப்படி இருக்காரு?"

"இருக்காரு." நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "காகிதத்தை மேஸ்திரிகிட்ட காட்டினேன். படிச்சுட்டு, அடடா, பாவம்னாரு. அவ்வளவுதான். வேலை இல்லன்னுட்டாரு. கை இல்லாதவனை வச்சு என்ன செய்யன்னு. நடிக்கிறான்னு சொன்னப்பவும் வேலை இல்ல, நடிக்கலன்னாலும் வேலை இல்ல. என் மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க மகன் காலடியில உக்காந்து அழுதாங்க. அவரு அவங்களைத் தூக்கி உக்கார வச்சுட்டாரு. அம்மாதானேன்னு."

"உங்களை?"

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் புறங்கையை மூடிக்கொண்டாள்.

"எங்கிட்ட பேசுறதில்ல டாக்டர். சண்டையும் இல்ல. சாப்பிடக் கூப்பிட்டா வராரு, போறாரு. ஒரு நாள் மட்டும் சொன்னாரு. டாக்டர் என்னை மூணு தடவைதான் நம்பல, நீ ஒரு வருஷம் நம்பலன்னாரு."

வெளியே தரை துடைக்கும் பெண் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என் சீட்டை நம்பினீங்க," என்றார். "அதுல உங்க தப்பு என்ன? நான் எழுதினதைத்தானே..."

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர்." அவள் குரல் முதல் முறையாகக் கடினமானது. "உங்களுக்கு அவரு நூத்துல ஒருத்தர். எனக்கு? பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். காய்ச்சல்ல கிடந்தாலும் வேலைக்குப் போற மனுஷன். அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நான் காலையில ஆறு மணிக்குக் கிளம்பி நின்னுக்கிட்டே துணி தேய்ச்சுட்டு வரப்ப, அவரு உக்காந்திருக்கிறதைப் பாத்தா பத்திக்கிட்டு வரும். உங்க சீட்டு எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. சோத்தைத் தட்டுல போடுறப்பவே சொல்லுவேன், நடிகருக்கு சாப்பாடு ரெடின்னு. பிள்ளைங்க முன்னாடி சொல்லுவேன். அதுகளும் சிரிக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, தான் வந்த காரியத்தைக் கேட்டாள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே டாக்டர், அதை எப்படிச் சொன்னீங்க? எனக்கு வாய் வரமாட்டேங்குது. தினமும் சொல்லணும்னு நினைக்கிறேன். பக்கத்துல போய் நின்னா, பால் வாங்கணும், தண்ணி வந்துருச்சுன்னு வேற ஏதாவது வந்துருது. முதல்ல என்ன சொல்லணும்?"

ஒரு நோயாளியின் மனைவி தன்னிடம் இப்படி ஒன்றைக் கேட்பாள் என்று அவர் நினைத்ததே இல்லை. மருந்து எழுதும் தாளைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"எனக்கும் முதல் நாள் வாய் வரலம்மா," என்றார் கடைசியில். "டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி அனுப்பினேனே, அன்னைக்கே எல்லாம் தெரியும் எனக்கு. டெஸ்ட் வேண்டியதே இல்ல. பயந்துட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விசாரணையில்கூடச் சொல்லாத ஒன்று, கேட்காமலே வந்துவிட்டது.

"ரெண்டாவது தடவை பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். அவரு முகத்தைப் பாத்துச் சொல்லல, முழங்காலைப் பாத்துத்தான் சொன்னேன். என்ன செஞ்சேனோ அதை முதல்ல சொன்னேன். ஏன் செஞ்சேன்னு சொல்லல. ஏன்னு ஆரம்பிச்சா அது நம்மளுக்கு வக்காலத்து வாங்குற மாதிரி ஆயிரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவரு என்னை மன்னிக்கல. நானும் கேக்கல."

"மன்னிக்காட்டி?"

"மன்னிக்காட்டியும் சொல்லித்தான் ஆகணும்."

அவள் எழுந்து போனாள். களிம்பை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாள்.

அதற்குப் பதினைந்து இருபது நாள் கழித்துப் பெயின்டர் வந்தார். வரிசையில் நின்று, சீட்டு எடுத்து, தன் முறைக்காகக் காத்திருந்துதான் உள்ளே வந்தார்.

"அந்தத் தசை ஆபரேஷன்னு சொன்னீங்களே. அதுக்கு எழுதிக் குடுங்க."

"அன்னைக்கு வேண்டாம்னீங்க."

"இன்னொரு கத்தி வேண்டாம்னு இருந்தேன். அவதான் போகலாம்ங்கிறா." பிறகு, கேட்காமலே, "பேசிட்டா," என்றார். "ராத்திரி சோறு ஆறிப்போச்சு. பேசிக்கிட்டே இருந்தா." அதற்குமேல் விளக்கவில்லை.

மருத்துவர் எலும்பு மருத்துவருக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதினார். என்ன நடந்தது, யாரால் நடந்தது, எப்போது கண்டுபிடித்திருக்க வேண்டும், எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று எல்லாம் எழுதினார். எழுதியதைப் பெயின்டருக்குப் படித்துக் காட்டினார். பின்னால் நாற்பது பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள்.

அறுவை நடந்தது. நினைத்த மூன்று தசைகளில் ஒன்று மெலிந்திருந்தது என்றும், முடிந்த அளவு செய்திருப்பதாகவும் அங்கிருந்து கடிதம் வந்தது. ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு பயிற்சி, ஒரு வருடம். தோள் மட்டத்துக்குக் கை வந்தது, பிடிவாதமாகத் தூக்கினால் அதற்கு நாலு விரற்கடை மேலே. கூரைக்கு வரவில்லை, சுவரின் மேல்பாதிக்கும் வரவில்லை. தச்சுப்பட்டறை ஒன்றில் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் வர்ணம் பூசும் வேலை கிடைத்தது. கதவைப் படுக்கப்போட்டுப் பூசலாம், கையைத் தூக்க வேண்டியதில்லை.

கடைசியாக வந்தபோது மனைவியும் கூட வந்திருந்தாள். அவள் வெளியே பெஞ்சில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவர் முதுகைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், கையைத் தூக்கச் சொல்லி அளவு எடுத்து எழுதினார்.

"இன்னும் வருமா?" என்றார் பெயின்டர்.

"வராது. இவ்வளவுதான்."

"அடுத்து எப்ப வரணும்?"

"வர வேண்டியதில்ல. இதுக்கு மேல நான் செய்யறதுக்கு எதுவும் இல்ல."

பெயின்டர் தலையாட்டினார். இரண்டு கையையும் தானே நுழைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டார். வெளியே போய், வண்டிக்கு நேரமாகிறது என்று மனைவியைத் தோளில் தட்டி எழுப்பினார்.